தெத்துப்பல்லின் கோபம்

"யாரைக் கேட்டுடா என்னை இழுக்கிறே?" என்று கத்தியது தெத்துப்பல். அன்றுதான் டாக்டர் எல்லாப் பற்களையும் சேர்த்து ஒரு கம்பியை மாட்டியிருந்தார்.

கம்பிக்கும் ஆத்திரம். "நான் எங்கேடா இழுக்கிறேன்? அழகா வளைஞ்சிருந்த என்னை உனக்காகக் கோணலாக்கி மாட்டிட்டாங்க. என் பழைய வடிவத்துக்குப் போகப் பாக்குறேன். நீ கூடவே ஒட்டிக்கிட்டு வந்தா நான் என்ன பண்றது?"

திட்டிக்கொண்டே இரண்டும் மாதக்கணக்கில் நகர்ந்தன. பல் வரிசைக்கு வந்ததும் டாக்டர் கம்பியைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

"பல்வரிசை என்ன அழகு!" என்றார் நர்ஸ்.

"நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்றது பல்.

சில நாளில் அது மெல்லப் பழைய பக்கமே சாயத் தொடங்கியது. பதறிப்போய்க் கத்தியது:

"யாரைக் கேட்டுடா என்னை விட்டுட்டுப் போனே?"