வலது பெடல்

அந்த மூச்சு ஒலிப்பதிவில் இல்லை.

ஆக்ஸிலியாவுக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொரு ஒலியையும் அவளே தேடிப் போய்ப் பதிவு செய்திருந்தாள். பள்ளங்கி கிராமத்தில் தகரக் கூரைமேல் பெய்த மழை. பைன் மரங்களுக்குள் வழிதவறிய காற்று. தவளைகள். இப்போது ஹாலின் ஸ்பீக்கர்களில் தவளைகள்தான் கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், ஈரமாக, கனமாக, ஏதோ ஒன்று மூச்சு விட்டது.

செல்லோவின் வில்லை நிறுத்தாமல் தலையை நிமிர்த்தினாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வெளியே இருக்கும் மலையும் நம்மோடு வாசிக்கட்டும், யாரும் சாத்தக் கூடாது என்று காலையில் சொன்னதே அவள்தான். மதியப் பனிமூட்டம் படிவரை ஏறி வந்திருந்தது.

அதற்குள்ளிருந்து ஒரு காட்டுமாடு தலையை உள்ளே நீட்டியிருந்தது.

கதவோரத்து நாற்காலியில் அவள் மகள் ரெனிஷா உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள். பக்கத்தில் வயலின் வாசிக்கும் கோகுல் வழக்கம்போலக் கண்களை மூடியிருந்தான். ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஞானவேல் முன்வரிசை மூலையில், கதவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். அந்தத் தலையைப் பார்த்தது அவள் மட்டும்தான்.

மாட்டைக் கண்டால் கத்தாதே, ஓடாதே, வழியை விடு. கொடைக்கானலில் நடை பழகும் பிள்ளைக்கும் இதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஹாலில் பாதிப் பேர் சமவெளியிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

இசை முடிந்தால் கை தட்டுவார்கள்.

அதனால் அவள் முடிக்கவில்லை. கடைசி வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். கோகுலின் புருவம் சுருங்கியது. ஆனாலும் அவன் வயலின் அவளைத் தொடர்ந்து வந்தது.

அவள் காலடியில் இரண்டு பெடல்கள் இருந்தன. இடது பெடலை மிதித்தால் ஹாலுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் பேசும். வலது பெடலுக்கு ஒரே ஒரு ஒலிதான். வெளியே, கீழ்த்தோட்டத்துப் பேரிக்காய் மரங்களுக்கு நடுவே வைத்த ஸ்பீக்கரிலிருந்து, தூரத்தில் ஒரு கன்று தாயைக் கூப்பிடும். பேத்துப்பாறையில் ஒரு தோட்டத்து வேலியோரம் பதிவு செய்தது. அதோடு நிகழ்ச்சி முடிய வேண்டும்.

அந்தக் குரலைக் கேட்டால் மாடு திரும்பிப் போகலாம். அல்லது வெறிகொண்டு உள்ளே பாயலாம்.

அவளுக்குத் தெரியவில்லை. காலை வலது பெடலின்மேல் வைத்தாள், மிதிக்கவில்லை.

தவளைகள் ஓய்ந்தன. மூச்சு மட்டும் மிஞ்சியது. என்ன அருமையான பதிவு என்பதுபோல முன்வரிசையில் ஒருவர் தலையசைத்தார்.

மாடு கழுத்தை நீட்டி ரெனிஷாவின் தலைமுடியை முகர்ந்தது. அவள் கூந்தலின் நுனிகள் அசைந்தன. அவள் அதைக் காற்று என்று நினைத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பாமல் ஸ்வெட்டரின் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆக்ஸிலியா வலது பெடலை மிதித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வில்லிழுப்பு. இன்னொன்று.

பிறகு, பனிக்குள், வெகு கீழே, கன்று கூப்பிட்டது.

மாட்டின் காதுகள் விறைத்தன. அந்தப் பெரிய தலை மெல்லப் பின்வாங்கியது. வாசலில் வெறும் வெண்மை மட்டும் நின்றது. சரளைக்கல்லில் குளம்படி ஓசை தேய்ந்து மறையும்வரை வாசித்துவிட்டு, அவள் வில்லைத் தாழ்த்தினாள்.

கைதட்டல் கூரையில் மோதியது. ரெனிஷாதான் எல்லோரையும்விட வேகமாகத் தட்டினாள்.

ஆக்ஸிலியா வில்லை வைத்துவிட்டு எழுந்து வணங்கினாள். ஞானவேல் மேடையோரம் வந்து, தலையைச் சொறிந்தபடி குனிந்து பேசினான்.

“வையாதீங்கக்கா. தூத்தல் விழுந்துச்சுல்ல, தோட்டத்து ஸ்பீக்கர நீங்க ஆரம்பிக்கும்போதே கழட்டி உள்ள கொண்டாந்துட்டேன். நல்லவேளை, கன்னுச் சத்தத்த நீங்க ஹால் ஸ்பீக்கர்லயே விட்டுட்டீங்க.”

அவன் காட்டிய ஸ்பீக்கர் மேடைக்கு அடியில், துண்டு போர்த்தி, வயர் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

நாற்காலிகள் நகர்ந்தன. கூட்டம் பேசிச் சிரித்துக்கொண்டு கதவை நோக்கி எழுந்தது. எல்லோர் வண்டிகளும், நிஜக் கன்று கூப்பிட்ட அந்தப் பக்கம், பேரிக்காய் மரங்களைத் தாண்டித்தான் நின்றன. ரெனிஷா ஏற்கெனவே வாசற்படிக்குப் போயிருந்தாள்.

ஆக்ஸிலியா மறுபடி உட்கார்ந்து, வில்லை எடுத்து, பலமாக ஒரு சுரத்தை இழுத்தாள்.

படியில் ரெனிஷா திரும்பிப் பார்த்தாள். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக உட்காரத் தொடங்கியது.