மதிலுக்குள் தங்கிவிட்ட குண்டு

கிழக்கு ரோமானியர்களின் தலைநகரமாக இருந்த கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பழைய மதில் உண்டு. அதை உடைக்க எதிரிகள் பீரங்கியால் சுட்ட கருங்கல் குண்டு ஒன்று அதன் நெஞ்சில் பதிந்து, அங்கேயே குடியிருந்துவிட்டது.

நகரம் விழுந்த அந்த நாள் ஆண்டுதோறும் வரும். சிலர் மெழுகுவர்த்தியோடு வந்து அழுவார்கள். சிலர் மேளத்தோடு வந்து ஆடுவார்கள். குண்டு மட்டும் அன்றைக்கு வாயே திறக்காது.

"இன்னுமாடா வெட்கம்? ஏதாவது பேசேன்," என்று மதில்தான் கெஞ்சும். மற்ற நாளெல்லாம் ஓயாமல் வம்பளக்கிறவன் அடங்கிக் கிடந்தால் அதற்குப் பொறுக்காது.

இந்த ஆண்டு விழாக்குழு கடப்பாரையோடு வந்தது. குண்டைப் பெயர்த்து மேடையில் வைக்கப்போகிறார்களாம்.

"நல்லதுதான் அக்கா. நான் தொலைஞ்சா உனக்கும் நிம்மதி," என்றது குண்டு.

"உங்கிட்ட யாருடா நிம்மதி கேட்டா?"

கடப்பாரை உள்ளே இறங்கியதும் மதில் அத்தனை போரிலும் உதிராமல் காப்பாற்றி வைத்திருந்த சிவப்புச் செங்கல் வரிசையை அப்படியே சரியவிட்டது. ஆட்கள் அலறிக்கொண்டு விலகினார்கள்.

"குண்டை எடுத்தா மதிலே விழுந்துடும். அது அங்கேயே இருக்கட்டும்," என்றார் மேஸ்திரி.

"நிஜமாவே விழுந்துடுவியா அக்கா?" என்று குண்டு நடுங்கியது.

"சும்மா கிட," என்று கிசுகிசுத்தது மதில். "ஆளுங்க இன்னும் போகல."