பச்சை ஆப்பிள் வாசம்

"பாட்டிலைத் திருகணும்மா, கார்க்கைத் திருகக் கூடாது" என்றார் முதலாளி.

பதினோரு வருஷமாக அந்த ஹோட்டலில் ஒயின் பரிமாறுகிறவள் அவள். பாட்டிலைத்தான் திருகிக்கொண்டிருந்தாள்.

"சரி சார்" என்றாள்.

கார்க் 'ஸ்ஸ்' என்று கழன்றது.

"கேட்டீங்களா? டப்புன்னு வெடிச்சா அது வேடிக்கை. இப்படிப் பெருமூச்சு விட்டாத்தான் ஒயின்" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

மேசையில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர். மற்ற எல்லோரும் லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருடைய கம்பெனி ஆட்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை கிடைத்ததற்கு இந்த விருந்து. முதலாளி போன மாதம்தான் இரண்டு நாள் ஒயின் வகுப்புக்குப் போய் வந்திருந்தார். அன்றிலிருந்து ஆபீஸ் டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாராம்.

அவள் பக்கத்து மேடையில் கிளாஸ்களை நிரப்பினாள். ஏழில் நுரைக்கும் ஒயின். எட்டாவதில் ஆப்பிள் சோடா.

மற்றவர்கள் வருவதற்கு முன்பே, அவர்களில் ஒருவரான மெக்கானிக் தனியாக வந்து கேட்டிருந்தார்.

"தங்கச்சி, எனக்கு மட்டும் ஒயின் மாதிரி தெரியுற எதையாவது ஊத்திடு. குடியை விட்டு அறுபத்திமூணு நாள் ஆச்சு."

"நல்ல விஷயம்தானே அண்ணே? சொல்லிட வேண்டியதுதானே?"

"குடிச்சிட்டு ஒருநாளும் நான் வேலைக்குப் போனதில்ல. ஆனா விட்டுட்டேன்னு சொன்னா, 'அப்ப இத்தனை நாளா எந்த நிலைமையில லிஃப்ட் கயித்துல தொங்கினே?'ன்னுதான் முதல்ல கேப்பாங்க."

அவள் ஆப்பிள் சோடா பாட்டில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள்.

பொரித்த மீன் வந்தது. முதலாளி விடுவதாயில்லை.

"எண்ணெய்ப் பலகாரத்துக்கும் உப்புக்கும் இந்த ஒயின்தான் ஜோடி. ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின். நாக்கைக் கழுவித் துடைச்ச மாதிரி ஆயிடும். இதையே கேக்கோட குடிச்சுப் பாருங்க, ஒயின் புளிச்சுப் போன மாதிரி இருக்கும். இனிப்புக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேணும்."

"கல்யாணப் பொருத்தம் பாக்கிறதைவிடப் பெரிய வேலையா இருக்கே சார்" என்றார் கணக்காளர்.

"பின்னே? கல்யாணத்துல தப்புப் பண்ணினாச் சமாளிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். விற்பனை அதிகாரி மட்டும் மெக்கானிக்கின் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, உங்க கிளாஸ்ல மட்டும் நிறம் தூக்கலா இருக்கு?"

"வெளிச்சம் அப்படி" என்றார் மெக்கானிக்.

"உங்க பக்கம் மட்டும் தனி வெளிச்சமா? இங்க கொடுங்க, பாப்போம்."

அவன் கையை நீட்டினான். மெக்கானிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேச்சு நின்று, மேசையே அந்தப் பக்கம் திரும்பியது. அவள் தட்டோடு ஓரடி முன்னால் வந்தாள்.

"கொடுப்பா, நான் சொல்றேன்" என்று முதலாளி எட்டி அந்தக் கிளாஸை வாங்கிக்கொண்டார்.

விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மோந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். வாய்க்குள் உருட்டினார். எட்டு வருஷம் கழித்து விழுங்குவதுபோல் விழுங்கினார்.

"அடடா" என்றார் மெதுவாக. "பச்சை ஆப்பிள். அதுக்குப் பின்னால லேசா வறுத்த ரொட்டி. இது பாட்டிலோட அடி ஒயின். ஈஸ்ட் தங்குற இடம். அதான் நிறம் தூக்கல். பெரிய அதிர்ஷ்டக்காரன்பா நீ."

கிளாஸை மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப எனக்கும் கொஞ்சம் அடி ஒயின் கிடைக்குமா சார்?" என்றான் விற்பனை அதிகாரி.

"உனக்கு இன்னும் நாக்கு பழகல. மீனைச் சாப்பிடு."

அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டோடு சமையலறைக்கு ஓடினாள். சமையல்காரரிடம் சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சோடாவைக் குடிச்சிட்டு ஈஸ்ட் தங்குற இடமாம். வறுத்த ரொட்டியாம்."

"ஆப்பிளைக் கண்டுபிடிச்சாரே" என்றார் சமையல்காரர்.

"அது சோடா பாட்டில் லேபிள்லயே படம் போட்டிருக்கு அண்ணே."

"ரெண்டு நாள் வகுப்புக்கு இதுவே அதிகம்."

இருவரும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதவருகே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

சமையல்காரர் அவசரமாக வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

"ஏம்மா" என்றார் முதலாளி, "அந்த ஆப்பிள் சோடா இன்னும் எத்தனை பாட்டில் இருக்கு?"

அவள் நிமிர்ந்தாள். "சார்... அது வந்து... அவர்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சோடான்னு நாக்குல பட்டதுமே தெரிஞ்சுபோச்சு. அவனே சொல்லாததை உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிறது மரியாதை இல்ல."

மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த ரவுண்டுல எனக்கும் அதையே ஊத்திடுங்க. ரெண்டு கிளாஸ் ஒரே நிறத்துல இருந்தா, அந்தப் பய மறுபடி அவன்கிட்ட கையை நீட்ட மாட்டான்."