கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

கடல் தாண்டி வந்த வெள்ளைக் காரை, அந்நிய நகரத்தின் எல்லையில் தடுப்புக்கட்டை மறித்தது.

"புகைச் சோதனை ஸ்டிக்கர் எங்கேப்பா?" என்று கட்டை கேட்டது.

"கண்ணாடியைப் பாருங்க சார். வக்கீல், பிரஸ், போலீஸ், கட்சி எல்லாம் ஒட்டியிருக்கு. எங்க ஊர்த் தடுப்புக்கட்டை இதுல ஒண்ணைப் பார்த்தாலே எந்திரிச்சு நின்னுடும்."

"இதெல்லாம் நீ யாருக்கு வேண்டியவன்னு சொல்லுது. உன் பின்னாடி என்ன வருதுன்னு சொல்லலையே?"

"அதைப் போய் யாராவது முன்னாடி ஒட்டிக்குவாங்களா?" என்று கார் கூச்சப்பட்டது.

பக்கத்துக் கொட்டகையில் இருந்த சோதனைக் கருவி காரின் புகையை முகர்ந்து பார்த்தது. வெகுநேரம் இருமிவிட்டு, வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கண்ணாடி நடுவில் ஒட்டியது. "இதை ஊருக்குள் விடாதீர்கள்" என்று அந்த நாட்டு மொழியில் அதில் எழுதியிருந்தது.

கார் கெஞ்சிப் பார்த்தது. கட்டை அசையவில்லை. கார் வந்த வழியே கப்பலேறியது.

சொந்த ஊர்த் தடுப்புக்கட்டை அந்தச் சிவப்பு வட்டத்தை உற்றுப் பார்த்தது. ஓர் எழுத்தும் புரியவில்லை.

"ஃபாரின் ஸ்டிக்கரா அண்ணே?" என்று கேட்கும்போதே பாதி எழுந்துவிட்டது.

கார் கரும்புகையைக் கக்கிக்கொண்டு உள்ளே போனது. அன்று மாலையே மற்ற ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்துப் போட்டது.