ராணியின் அழுகை

பதுளைக்கு ரயில் வராத காலம். அங்கிருந்த நாடக செட்டுக்கு சிகாமணி வாத்தியார்தான் எல்லாம். பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுப்பவர் அவர், ராணி வேஷம் கட்டுபவரும் அவரே. பண்டாரவளை, மொனராகலை என்று எங்கே கூப்பிட்டாலும் வண்டி கட்டிக்கொண்டு போவார். ஸ்பிரிங்வெளி தோட்டத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்பார். காரணம் கேட்டால், மேடை சரியில்லை என்பார்.

அன்று ஸ்பிரிங்வெளி பெரிய கங்காணி வீரபத்திரன் ஒத்திகைக்கே வந்துவிட்டார். திருவிழாவுக்கு நாடகம் வேண்டுமாம். அரிதாரம் பூசிய வாத்தியார், ராணியாக ஓவென்று அழுது முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்குங்க. அழுகைதான் பொம்பளை அழுகையா இல்ல."

வாத்தியார் கோபிக்கவில்லை. "பின்னே எப்படிங்க அழணும்?"

"என் சம்சாரம் நாலு வருஷம் அழுதா. நான் கை நீட்டுறப்பல்லாம் முந்தானையை வாயில திணிச்சுக்குவா. சத்தமே வராது."

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஆத்தோட போயிட்டா. சேலை மட்டும் கரையில கிடந்துச்சு."

வாத்தியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுது காட்டினார்.

"இதுதாங்க அழுகை," என்றார் கங்காணி திருப்தியாக. "அப்ப திருவிழாவுக்கு?"

வாத்தியார் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "வர்றோம்."

கங்காணி போனதும் மத்தளக்காரர் லூக்காஸ் கேட்டார்: "அந்தாளு சொன்னதும் ஒரே தடவையில எப்படிங்க வந்துச்சு?"

"ஒரே தடவை இல்ல லூக்காஸ்," என்றார் வாத்தியார், அரிதாரத்தைத் துடைத்தபடி. "அவர் வீட்டுல நாலு வருஷம் பழகினது, ஆத்தங்கரையில சேலையை விட்டுட்டு வர்ற வரைக்கும்."