ஆசாரி ஏறிய படகு

மழைக்கு முன், தண்ணீர் கசியாதபடி படகுக்குக் குங்கிலியம் பூச, பிச்சாண்டி ஆசாரி கேட்ட கூலிக்குப் புதுப் படகே வாங்கிவிடலாம். படகோட்டி நூர்னிசா தானே விரிசல்களில் பஞ்சை அடைத்து, குங்கிலியத்தைக் காய்ச்சிப் பூசிவிட்டாள்.

"பொம்பள பூசுன படகு நடுக் கண்மாயில முங்கிரும். யாரும் ஏறாதிய" என்று கரையெல்லாம் சொல்லிவைத்தார் ஆசாரி.

"முங்குனா நாந்தான முங்குவேன். உமக்கென்ன?" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கண்மாய் நிரம்பியது. படகு விட்ட முதல் நாள், ஆசாரி கூலி வாங்கிப் பூசிக்கொடுத்த காதரின் படகில்தான் கூட்டமெல்லாம் ஏறியது.

அக்கரையில் மகளுக்குப் பிரசவ வலி என்று ஆசாரி ஓடிவந்தார். காதர் இடம் ஒதுக்கி அழைத்தார். ஆசாரி தான் பூசிய அந்தப் படகின் அடிப்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரைக் கடந்து, நூர்னிசாவின் படகில் போய் உட்கார்ந்தார்.

"இது பொம்பள பூசுன படகாச்சே, ஆசாரியாரே."

"வெரசாத் தள்ளு, தாயி" என்றார், தலை நிமிராமல்.

காதர் படகிலிருந்து ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.