துக்க வீட்டில் சொன்ன சொல்

சுந்தரபாண்டியத்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அம்மனுக்கு ஆகாது என்று அந்தத் தெருவில் யாரும் பிள்ளைகளுக்கு ஊசி போட விடவில்லை. நர்சு பரிபூரணமும் லேசில் விடுகிற ஆளில்லை. தினமும் வந்து கதவைத் தட்டினாள்.

போன வாரம் சின்ன மகளை அம்மைக்குப் பறிகொடுத்த அனுசியா மட்டும், "இவனையாவது காப்பாத்துங்க நர்சம்மா" என்று மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி போட்டுக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "போயிட்டு வாரேன்" என்றுவிட்டாள் பரிபூரணம். துக்க வீட்டில் சொல்லக் கூடாத சொல்; சொன்னால் செத்தவர்களும் கூடவே கிளம்பிவிடுவார்கள் என்பார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. நேற்று அவளை விரட்டிய மாரிசெல்வி, பிள்ளையும் கையுமாக நின்றாள்.

"நர்சம்மா வாராக, தம்பியத் தூக்கிட்டு வாங்கன்னு ஒரு பிள்ளக் குரல் கேட்டுச்சு. கதவத் தொறந்தா ஆளக் காணோம். வேப்பிலை வாசம் மட்டுந்தான்."

அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். தெருக்கோடி வரை கதவுகள் திறந்திருந்தன. பரிபூரணம் மருந்து தீரும் வரை ஊசி போட்டாள்.

திரும்பும்போது பரிபூரணம் அனுசியாவின் வீட்டு வாசலில் நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. நிலையில் செருகி வாடிக்கிடந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்து, இந்தத் தடவை தெரிந்தே சொன்னாள்:

"நாளைக்கு மேலத்தெரு. போயிட்டு வாரேன், தாயி."